யாருடைய முகவரியை எழுதுவது?

டிசம்பர் பிறந்துவிட்டால் என் கைப்பேசிக்கு ஓய்வில்லை. டாலஸ் நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழும் நம் குடும்பங்களிலிருந்து யாரேனும் ஒரு தாய் அழைப்பார். ஸலாம் சொல்லி, நலம் விசாரித்து, ஊரில் உள்ளவர்களைப் பற்றிக் கேட்டு முடித்தபின், "லாத்தா, சார்ட்டர் பள்ளி, சார்ட்டர் பள்ளி என்கிறார்களே, அதில் நம் பிள்ளைகளைச் சேர்க்கலாமா?" என்ற இடத்தில் பேச்சு வந்து நிற்கும். நான் ஆசிரியை அல்லள். கல்வித் துறையில் எனக்கு எந்தப் பழக்கமும் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மகளை ஆறாம் வகுப்பில் சேர்ப்பதற்காக ஐந்து பள்ளிகளின் படி ஏறி இறங்கினேன். என் தகுதி அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாமே என்று என் கணவர் சொன்னார். எழுத உட்கார்ந்தபோதுதான், ஒரு கேள்விக்கு மட்டும் நான் இதுவரை யாருக்கும் முழுமையாக விடை சொன்னதில்லை என்பது உறைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதற்கேள்வி எப்போதும் கட்டணம் பற்றியது. கட்டணம் இல்லை. சார்ட்டர் பள்ளி அரசுப் பணத்தில் நடப்பது. ஆனால் அதை நடத்துவது ஊரின் கல்வி மாவட்டம் அன்று. மாநிலத்திடம் ஓர் ஒப்பந்தம் பெற்ற தனி நிர்வாகம். அந்த ஒப்பந்தத்தின் பெயர்தான் சார்ட்டர். மின்னசோட்டா மாநிலம் 1991இல் இதற்கான முதல் சட்டத்தை இயற்றியது. டெக்ஸஸில் 1995இல் வந்தது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மாநிலத் தரமதிப்பீட்டில் தேறவில்லையெனில் ஒப்பந்தம் பறிபோகும் என்பது டெக்ஸஸ் விதி. ஆகவே, பள்ளியைத் தேர்ந்தெடுக்குமுன் அதன் கடந்த சில ஆண்டுகளின் மதிப்பீட்டை மாநிலக் கல்வித் துறையின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். சீருடைக்கும் சுற்றுலாவிற்கும் செலவாகும். நன்கொடை கேட்டுக் கடிதம் வரும். கொடுப்பது உங்கள் விருப்பம்.

நம் ஊரின் அரசு உதவிபெறும் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் விளக்கத் தொடங்குவேன். சம்பளம் அரசினுடையது, நிர்வாகம் தனியாருடையது. இந்த ஒப்புமை பாதி வழி வரை வரும், அதற்குமேல் வராது. தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் நிர்வகிக்கும் உதவிபெறும் பள்ளிகள் பலவற்றில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அதற்கு ஈடாகச் சனிக்கிழமை வகுப்பு நடக்கும். நான் அப்படித்தான் படித்தேன். லுஹர் பாங்கு பள்ளியின் சுவரைத் தாண்டி வகுப்பறைக்குள் வரும். இங்கே அது நடக்காது. அரசுப் பணம் வாங்கும் பள்ளி எந்த மார்க்கத்தையும் போதிக்கக் கூடாது என்பதுதான் சார்ட்டர் சட்டங்களின் அடிப்படை. "நம் ஜமாஅத்தே ஒரு சார்ட்டர் பள்ளி தொடங்கினால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. மின்னசோட்டாவில் தாரிக் இப்னு ஸியாத் பெயரில் 2003இல் ஒரு சார்ட்டர் பள்ளி தொடங்கப்பட்டது. முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் பெருமளவில் படித்தார்கள். அரசுப் பணத்தில் மார்க்கம் வளர்க்கப்படுகிறது என்று 2009இல் வழக்குத் தொடுத்தார்கள். 2011இல் பள்ளி மூடப்பட்டது. நமக்கு மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். ஓக்லஹோமாவில் கத்தோலிக்கர்கள் தொடங்கவிருந்த சார்ட்டர் பள்ளியை அம்மாநில உச்ச நீதிமன்றம் 2024இல் தடுத்தது. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்திற்குப் போனது. 2025 மே மாதத்தில் நீதிபதிகள் நான்குக்கு நான்கு என்று பிரிந்ததால் அந்தத் தடை அப்படியே நின்றுவிட்டது.

மார்க்கத்தைப் போதிக்கக் கூடாது என்ற தடை பள்ளிக்குத்தான்; பிள்ளைக்கு இல்லை. வகுப்பு நடக்காத நேரத்தில், பிறருக்கு இடையூறின்றித் தானாகத் தொழுவதற்கு எந்த அரசுப் பள்ளி மாணவருக்கும் உரிமை உண்டு. சார்ட்டர் பள்ளியும் இதில் அரசுப் பள்ளியே. டெக்ஸஸ் பள்ளிகளில் காலையில் கொடிக்கு உறுதிமொழி எடுத்தபின் ஒரு நிமிடம் மௌனமாக இருப்பார்கள். அந்த நிமிடத்தில் என் மகள் ஸலவாத் ஓதுவாள். யாரும் கேட்டதில்லை.

இனி லுஹர் பற்றி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல தாய்மார்கள் பள்ளி தொடங்கும் ஆகஸ்டில் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு நவம்பரில் தவிக்கிறார்கள். கோடைக்கால நேரத்தில் டாலஸில் லுஹர் நுழைவது ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு. அஸர் வர நான்கரை, ஐந்து ஆகிவிடும். பள்ளி நான்கு மணிக்கு விட்டாலும் பிள்ளை வீட்டிற்கு வந்து நிதானமாகத் தொழலாம். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னுக்கு நகர்த்துகிறார்கள். டிசம்பரில் லுஹர் பன்னிரண்டரைக்கு முன்பே நுழைந்து, நம் ஷாஃபிஈ மத்ஹபின் கணக்கில் மூன்று மணி ஏழெட்டு நிமிடத்திற்கெல்லாம் அஸர் வந்துவிடுகிறது. லுஹரின் முழு நேரமும் பள்ளிக்கூடத்திற்குள்ளேயே கழிந்துவிடும். பள்ளியின் மதிய உணவு நேரமோ பதினொன்றரை. அப்போது லுஹர் நுழைந்திருக்காது.

ஆதலால் பள்ளி நிர்வாகத்திடம் "தொழ அனுமதிப்பீர்களா?" என்று மட்டும் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். எல்லாரும் புன்னகையுடன் "தாராளமாக" என்பார்கள். எந்த அறையில், எத்தனை மணிக்கு, எந்த ஆசிரியரின் பொறுப்பில் என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் போன ஐந்து பள்ளிகளில் ஒன்றில், தலைமையாசிரியர் எல்லா மதங்களையும் தாம் மதிப்பதாகக் கால்மணி நேரம் பேசினார். அறையைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. இன்னொன்றில், அலுவலகத்தில் இருந்த முதிய பெண்மணி ஒன்றும் பேசாமல் கால அட்டவணையை எடுத்து விரித்தார். ஆறாம் வகுப்பிற்குப் பன்னிரண்டு நாற்பதுக்குத் தனிப்படிப்பு நேரம் இருக்கிறது, நூலகத்தின் பின்னறை அப்போது காலியாகத்தான் இருக்கும், ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் அங்கே தொழுகிறார்கள் என்று விரல் வைத்துக் காட்டினார். அந்தப் பள்ளி ஒரு சார்ட்டர் பள்ளி. அன்றே என் மனம் அங்கே தங்கிவிட்டது.

மற்றக் கேள்விகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். விசா நிலையைப் பள்ளி கேட்கலாமா? கூடாது. குடியேற்ற நிலையைக் காரணமாக்கிப் பிள்ளையின் கல்வியை மறுக்க முடியாது என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே டெக்ஸஸின் டைலர் என்ற ஊரிலிருந்து போனதுதான். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, குடியிருப்புக்கான சான்று, முந்தைய பள்ளியின் மதிப்பெண் அறிக்கை ஆகியவை போதும். கற்றல் குறைபாடோ பேச்சுச் சிக்கலோ உள்ள பிள்ளையை மறுக்க முடியுமா? முடியாது; சிறப்புக் கல்விச் சட்டம் சார்ட்டர் பள்ளியையும் கட்டுப்படுத்தும். ஆசிரியர்களுக்கு உரிமம் உண்டா? டெக்ஸஸ் சார்ட்டர் பள்ளிகளில் பெரும்பாலும் பட்டம் இருந்தால் போதும், உரிமம் கட்டாயமில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வது நம் பொறுப்பு. பேருந்து? நான் பார்த்த சார்ட்டர் பள்ளிகள் எதிலும் இல்லை. காலையும் மாலையும் கார் வரிசையில் நிற்க யாரால் முடியும் என்பதை வீட்டில் பேசி முடித்தபின் விண்ணப்பியுங்கள். உணவு? வீட்டிலிருந்து கட்டிக்கொடுங்கள். பன்றி இறைச்சியைப் பிள்ளைகள் தாமே விலக்கிவிடுவார்கள். பிறந்தநாள் விழாக்களில் தரும் மிட்டாய்களில் உள்ள ஜெலட்டினைத்தான் சொல்லிப் பழக்க வேண்டும். தலைத்துணிக்குச் சீருடை நிறத்தில் அனுமதி எல்லா இடத்திலும் கிடைத்தது. பிடிக்காவிட்டால் திரும்ப முடியுமா என்ற கேள்விக்கும் விடை எளிது: நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய அரசுப் பள்ளியின் கதவு ஆண்டின் எந்த நாளிலும் உங்கள் பிள்ளைக்குத் திறந்தேயிருக்கும்.

இடம் எப்படிக் கிடைக்கும்? இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் நடத்துவார்கள். உடன்பிறந்தவர் ஏற்கெனவே அங்கே படித்தால் முன்னுரிமை உண்டு. ஒவ்வொரு சார்ட்டர் பள்ளிக்கும் மாநிலம் ஒப்புக்கொண்ட ஓர் எல்லை உண்டு. எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்கு முதலில் இடம் கொடுத்து, மிஞ்சினால்தான் வெளியே உள்ளவர்களை அழைப்பார்கள்.

இந்த இடத்திற்கு வந்ததும் தொலைபேசியில் ஒரு சிறு அமைதி நிலவும். பிறகு குரல் தாழும். "லாத்தா, எல்லைக்குள் எங்கள் உறவினர் வீடு இருக்கிறது. அந்த முகவரியை எழுதினால் தவறா?"

படிவத்தின் அடியிலேயே பொய்த் தகவல் தருவது குற்றம் என்று அச்சிட்டிருக்கிறார்களே, கண்டுபிடித்தால் இடம் போய்விடுமே என்று சொல்லி நான் இதுவரை பேச்சை முடித்துவந்திருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் என் விடை அது அன்று.

நூலகத்தின் பின்னறையைக் காட்டிய அந்தப் பள்ளியின் எல்லை, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மைல் தொலைவில் உள்ள நெடுஞ்சாலையோடு முடிந்துபோயிற்று. சாலைக்கு அந்தப் பக்கம் என் கணவரின் காக்கா குடியிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் அவரே வீடு தேடி வந்தார். "தம்பி, என் வீட்டு முகவரியைப் போடு. மின்கட்டண ரசீதில் உன் பெயரையும் சேர்த்துவிடுகிறேன். இதில் யார் பணத்தை நாம் எடுக்கிறோம்? நீயும் வரி கட்டுகிறாய், நானும் கட்டுகிறேன். பிள்ளையின் தொழுகைக்காகத்தானே செய்கிறோம்!" என்றார். சொன்னவர் மீது எனக்கு அன்றும் இன்றும் மனக்குறை இல்லை. நாங்கள் இந்த நாட்டிற்கு வந்த புதிதில் ஏழு மாதங்கள் அவர் வீட்டில்தான் இருந்தோம். அவர் சொன்னது அன்பினால் சொன்னது. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும்: நான்தான் முதலில் சரி என்றேன். முஸ்லிம் பள்ளியில் இரண்டு பிள்ளைகளுக்கும் கட்டணம் செலுத்த எங்களால் இயலாது என்பது முடிவாகிவிட்டிருந்தது. லுஹருக்கு ஓர் அறை தயாராக இருக்கிறது. இடையில் நிற்பது ஒரு நெடுஞ்சாலை. அல்லாஹ் எண்ணத்தைப் பார்ப்பவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இஷாவிற்குப் பின் மடிக்கணினியில் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். மகள் என் தோளில் சாய்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. திடீரென்று துள்ளி எழுந்தாள்.

"உம்மா, நாம் பெரியவாப்பா வீட்டிற்குக் குடிபோகிறோமா?"

நான் பதில் சொல்லவில்லை. அதற்குள் அவள் தம்பியை எழுப்பிவிட்டாள். பெரியவாப்பாவின் பெண்கள் இவளுக்கு உயிர். இனி அவர்களுடன் ஒரே அறையில் படுக்கலாம், நோன்பு நாள்களில் சஹருக்கு ஒன்றாக எழலாம், பெரியும்மா செய்யும் கஞ்சியை நாள்தோறும் குடிக்கலாம் என்று ஏழு வயதுத் தம்பிக்கு அவள் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அடுத்த அறையிலிருந்து கேட்டது. எழுந்துபோய் அவளிடம், நாம் எங்கும் போகவில்லை என்றேன். அவள் முகம் வாடியது. சிறிது நேரம் யோசித்துவிட்டு, "பிறகு ஏன் நாம் அங்கே இருப்பதாக எழுதினீர்கள்?" என்று கேட்டாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. விளங்காமல் கேட்டாள்.

சிறு பிள்ளையை "வா, ஒன்று தருகிறேன்" என்று அழைத்த தாயிடம், என்ன கொடுக்க எண்ணினாய் என்று நபி (ஸல்) அவர்கள் வினவியதும், பேரீச்சம்பழம் என்று அவர் விடை சொன்னதும், ஒன்றும் கொடுக்காதிருந்தால் அது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று அவர்கள் உணர்த்தியதும் நாம் மதரஸாவில் படித்த செய்திதான். அந்தத் தாயின் கையில் பழமாவது இருந்தது. நான் கணினியை மூடிவைத்தேன்.

மறுநாள் ஊரில் எனக்கு ஓதிக்கொடுத்த ஹஜ்ரத்திற்குத் தொலைபேசியில் பேசினேன். வயதானவர். சார்ட்டர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. குலுக்கலையும் எல்லையையும் காத்திருப்போர் பட்டியலையும் அரைமணி நேரம் விளக்க வேண்டியிருந்தது. "அப்படியானால் எல்லைக்குள் இருக்கும் ஒரு பிள்ளை உன் மகளுக்காக வெளியே நிற்குமா?" என்று கேட்டார். நிற்கும் என்றேன். "அந்தப் பிள்ளை யார் என்று தெரியுமா?" தெரியாது என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் தீர்ப்புச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு துஆச் செய்வதாகச் சொல்லி ஸலாம் கூறினார். யார் பணத்தையும் நாம் எடுக்கவில்லை என்பது சரிதான். பள்ளியில் ஓர் இடம் என்பது பணம் இல்லையே. அது யாரோ ஒரு பிள்ளையின் ஹக்கு.

எங்கள் முகவரியையே எழுதி அனுப்பினோம். எல்லைக்கு வெளியே உள்ளவர்களின் பட்டியலில் எண் 140 என்று மார்ச்சில் பதில் வந்தது. காக்காவுக்கு வருத்தம்தான். "உங்கள் இஷ்டம்" என்றார். இரண்டு வாரம் வீட்டிற்கு வரவில்லை. பிறகு பெருநாளில் எல்லாம் சரியாயிற்று.

ஆகஸ்டில் பட்டியல் எண் 96 வரை இறங்கி அங்கேயே நின்றது. மகள் எங்கள் பகுதியின் அரசு நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தாள். பெரிய பள்ளி, ஆயிரத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகள். லுஹருக்கு இடம் கேட்டுச் செப்டம்பரிலேயே எழுதினேன். பொறுப்பில் இருந்தவர் வேறு பள்ளிக்கு மாறிப்போனார். அவர் இடத்திற்கு வந்தவர் பார்த்துச் சொல்கிறேன் என்றார். கடிகாரம் பின்னுக்குப் போனது. நவம்பர் முழுவதும், டிசம்பரில் பாதியும், பல நாள்கள் என் மகளுக்கு லுஹர் தவறியது. மாலையில் வந்ததும் பையை வைத்துவிட்டு, என்னிடம் பேசாமல் நேரே ஒளூச் செய்யப் போவாள். களாவாகத் தொழுதுவிட்டுத்தான் உணவுக்கு வருவாள். அவளுக்கு இன்னும் கடமையாகவில்லை என்று எனக்குத் தெரியும். ஆயினும் சமையலறையில் நின்று அந்தத் தொழுகையைப் பார்க்கும் ஒவ்வொரு நாளும், நூலகத்தின் பின்னறை என் கண்முன் வந்து நின்றது. ஒரு வரி முகவரியை மாற்றி எழுதியிருந்தால் இவள் இப்போது அங்கே உரிய நேரத்தில் ஸுஜூதில் இருப்பாள் என்று எண்ணியிருக்கிறேன். எண்ணவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

ஜனவரியில் மாணவர் ஆலோசகர் ஒருவர் தம் அறையைப் பத்து நிமிடம் விட்டுக்கொடுத்தார். அதற்கு நான் நான்கு கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது. என் கணவர் இருமுறை விடுப்பு எடுத்துப் போக வேண்டியிருந்தது. இப்போது அவள் எட்டாம் வகுப்பு. அந்த அறைக்கு இவ்வாண்டு மூன்று பேர் வருகிறார்கள். ஒருத்தி சோமாலியக் குடும்பத்துப் பெண், இன்னொருத்தி ஹைதராபாத் பெண்.

சார்ட்டர் பள்ளியில் சேர்ந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமா என்று கேட்கிறார்கள். கணக்குப் பாடத்தில் ஒருவேளை நன்றாக இருந்திருக்கும். பிறர் முகவரியை எழுதிச் சேர்த்த குடும்பங்களையும் நான் அறிவேன். அவர்கள் பிள்ளைகள் நன்றாகவே படிக்கிறார்கள். அறையும் இருக்கிறது, தொழுகையும் நடக்கிறது. அவர்களை எடைபோட எனக்கு உரிமையில்லை. நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் நின்று, குளிர்காலத்தில் ஒரு லுஹர் கைநழுவுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தவிப்பு தெரியும். ஆகவே தொலைபேசியில் குரலைத் தாழ்த்திக் கேட்கும் சகோதரியிடம் நான் கோபப்படுவதில்லை. அவருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: உங்கள் முகவரியையே எழுதுங்கள், எண் எதுவாக வந்தாலும் காத்திருங்கள், அதற்கிடையே, எந்தப் பள்ளி உறுதியாகக் கிடைக்குமோ அந்தப் பள்ளிக்குக் கோடை விடுமுறைக்கு முன்பே லுஹர் பற்றிய முதற்கடிதத்தை அனுப்பிவிடுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் என்னிடம் நான்கு மாதிரிகள் இருக்கின்றன.

மகன் அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்பிற்குப் போகிறான். அதே சார்ட்டர் பள்ளிக்கு மறுபடி விண்ணப்பிக்கிறோம். சென்ற வாரம் படிவத்தை நிரப்பியது மகள்தான். என்னைவிட வேகமாகத் தட்டச்சுச் செய்கிறாள். எங்கள் தெருவின் பெயரையும் வீட்டு எண்ணையும் என்னைக் கேட்காமலேயே எழுதினாள். தம்பியின் பிறந்த தேதியில் மட்டும் ஒரு நாள் பிழை. திருத்திய பிறகு அனுப்பினோம். குலுக்கல் முடிவு மார்ச்சில் வரும்.